பாட்டி வீட்டு பிளேயரும் நம்ம டிப்ளமோவும்

மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணு - தொடர்பியல் துறை



"டிவிடியா? அதெல்லாம் யாருப்பா இப்ப பாக்குறாங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் இருக்கும் கவிதைக்குத் தாவப் போகிறீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். பழைய காலத்தை நினைத்துக் கண்ணீர் விடுகிற கட்டுரை இல்லை இது. நெட்டிலிருந்து இறக்கிய ஒரு வீடியோவை, வீட்டு டிவிடி பிளேயரில் ஓடுகிற மாதிரி ஒரு டிஸ்க்கில் எழுதித் தருகிற சின்ன வேலையைப் பற்றியது. அந்த வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவன்தான் டிப்ளமோ படித்தவன் என்பது என் கட்சி. சிரிக்காமல் கடைசி வரை படித்துவிட்டு, அப்புறம் கேன்டீனில் வைத்துச் சண்டைக்கு வாருங்கள்.

பிளேயர் யார் வீட்டில் இருக்கிறது?

நம் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அதனால் உலகத்தில் எல்லாரும் போனில்தான் படம் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். நம்ம ஊர்களுக்குள் கொஞ்சம் நடந்து பாருங்கள். 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011 வரை வீடு வீடாக 14 அங்குல டிவிப் பெட்டிகள் வந்து இறங்கின. அதே வருடங்களில்தான் டிவிடி பிளேயரும் கூலி வேலை செய்கிறவர் வீட்டுக்குள்ளும் வந்தது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூணு கலர் ஒயரைக் குத்தினால் படம் வந்துவிடும். நெட் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம்.

டிஸ்க் விலையும் அப்போதுதான் தரைக்கு இறங்கியது. மோசர் பேர் கம்பெனி தமிழ்ப் பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது பல பேருக்கு ஞாபகம் இருக்கும். காலம் மாறியது. 2018-இல் அந்தக் கம்பெனியையே கலைக்கச் சொல்லித் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. தெருமுனை சிடி கடைகளும் மொபைல் ரீசார்ஜ் கடைகளாக மாறின. கடை போச்சு, கம்பெனி போச்சு. ஆனால் பரண் மேலும் டிவி ஸ்டாண்டிலும் இருக்கிற பிளேயர் எங்கேயும் போகவில்லை.

அந்த பிளேயரை இன்றைக்கும் யார் நம்பி இருக்கிறார்கள்? வயசானவர்கள். பேரன் சார்ஜாவிலிருந்து குழந்தை தவழ்கிற வீடியோ அனுப்புகிறான். பாட்டி அதைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுப் பையன் வரணும், அவன் போனில் நெட் இருக்கணும், அவனுக்குப் பொறுமையும் இருக்கணும். ஆறு அங்குலத் திரையில் அரை நிமிஷம் காட்டிவிட்டு, "பாத்தாச்சா ஆயா?" என்று அவன் ஓடிவிடுவான். இன்னொரு தடவை காட்டச் சொல்ல அந்தக் கிழவிக்குக் கூச்சம். அதே வீடியோ ஒரு டிஸ்க்கில் இருந்தால்? தட்டை வெளியே தள்ளி, டிஸ்க்கை வைத்து, ஒரு பட்டனை அமுக்கினால் போதும். பத்து தடவை பார்ப்பாள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுவாள். யார் தயவும் வேண்டாம். இந்த 'யார் தயவும் வேண்டாம்' என்பதைத்தான் நான் பெரிய விஷயமாகச் சொல்கிறேன்.

ஆடத் தெரியாதவளும் கோணல் கூடமும்

இப்போது நாம் எப்படி இந்த வேலையைச் செய்கிறோம் என்று பார்ப்போம். இறக்கிய எம்பி ஃபோர் ஃபைலை அப்படியே இழுத்து டிஸ்க்கில் போடுகிறோம். 'ரைட்' கொடுக்கிறோம். நம்ம கம்ப்யூட்டரில் போட்டால் ஜம்மென்று ஓடுகிறது. கொண்டுபோய் பிளேயரில் போட்டால் "நோ டிஸ்க்" என்கிறது. இல்லாவிட்டால் பாட்டு மட்டும் கேட்கிறது, படத்தைக் காணோம். உடனே நம்ம வாயில் வருவது என்ன? "உங்க பிளேயர் ரிப்பேரு பாட்டி. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

அந்த பிளேயர் ரிப்பேர் இல்லை தோழர்களே. அதற்கு ஒரு சட்டதிட்டம் உண்டு, அதன்படி அது நேர்மையாக நடந்துகொள்கிறது. வீடியோ சிடிக்கான தரவிதி 1993-இல் வந்தது. டிவிடி பிளேயர் 1996 நவம்பரில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இன்றைக்கு நாம் இறக்குகிற எம்பி ஃபோர் ஃபைல்களில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது எச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோ. அந்த முறை தரவிதியாக ஏற்கப்பட்டது 2003-இல். யூடியூப் வந்ததோ 2005-இல். 1996-இல் எழுதிய விதிக்குக் கட்டுப்பட்ட பெட்டியிடம் 2003-இல் பிறந்த மொழியைப் பேசிவிட்டு, "இதுக்குப் புரியலையே" என்று திட்டுவது என்ன நியாயம்?

கம்ப்யூட்டரில் ஒரு படம் ஓடவில்லை என்றால் புது சாஃப்ட்வேர் போட்டுக்கொள்ளலாம். பிளேயரில் அது முடியாது. சுருக்கிய படத்தை விரிக்கிற வேலையை அதற்குள் இருக்கும் சிப்புதான் செய்கிறது. ஃபேக்டரியில் கற்றுக்கொண்டதோடு அதன் படிப்பு முடிந்தது. விசிடி என்றால் எம்பெக்-1, டிவிடி என்றால் எம்பெக்-2. சில பிளேயர்கள் மேல் 'டிவ்எக்ஸ்' என்று எழுதியிருக்கும். அவை எம்பெக்-4-இன் பழைய வகை ஒன்றையும் படிக்கும், அதுவும் 720-க்கு 576 புள்ளிகள் வரைதான். கத்துக்காத பெட்டி கத்துக்காததுதான். கற்க வேண்டியவர்கள் நாம். பாத்திரம் அறிந்து பிச்சை இடு என்பார்கள். இங்கே பாத்திரம் என்பது அந்த பிளேயர்.

கணக்கு எங்கே வருகிறது?

"அதுக்குத்தான் கன்வர்ட்டர் சாஃப்ட்வேர் இருக்கே, அது பாத்துக்கும்" என்பீர்கள். பார்த்துக்கொள்ளும், நீங்கள் சரியாகச் சொல்லிக் கொடுத்தால்! அதற்குக் கணக்கு வேண்டும். ஐந்தாம் வகுப்பு வகுத்தல் போதும்.

ஒரு சாதாரண டிவிடியில் 470 கோடி பைட் கொள்ளும். எட்டால் பெருக்கினால் 3760 கோடி பிட். உங்கள் வீடியோ இரண்டு மணி நேரம் என்றால் 7200 வினாடி. வகுத்துப் பாருங்கள், வினாடிக்கு 52 லட்சம் பிட் கிடைக்கும். ஒலிக்கு 2 லட்சத்தைக் கழியுங்கள். மூட்டை கட்டுகிற செலவுக்கு இன்னொரு 2 லட்சம் விடுங்கள். மிச்சம் 48 லட்சம் படத்துக்கு. டிவியில் பார்க்கத் தாராளம். மூணு மணி நேரக் கல்யாண வீடியோ என்றால் மொத்தமே வினாடிக்கு 34.8 லட்சம்தான். இன்னும் ஓடும். "இடம் இருக்கே" என்று ஆறு மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் அடைத்தால் 17.4 லட்சம்தான் கிடைக்கும். மணமேடையில் புகை வருகிற இடமெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறும். அப்படி அடைத்தே தீர வேண்டுமென்றால் படத்தின் அளவை 352-க்கு 576 என்று பாதியாக்குங்கள். டிவிடி விதியே அதை அனுமதிக்கிறது. அதைவிட இன்னொரு டிஸ்க் போடுவது நல்லது.

இதற்கு நேர்மாறாக இன்னொரு தவறும் உண்டு. பத்து நிமிஷ வீடியோதானே, முழுசா ஏத்திவிடலாம் என்று உச்ச வேகத்தில் போடுவது. விதிப்படி வீடியோவுக்கு உச்சவரம்பு வினாடிக்கு 98 லட்சம் பிட். விதியில் இருக்கிறது என்பதற்காக அந்த விளிம்பிலேயே நடக்கக் கூடாது. வீட்டில் எழுதிய டிஸ்க்கைப் பழைய பிளேயரின் களைத்துப்போன லென்ஸ் படிக்கத் திணறும்போது படம் நின்று நின்று வரும். 70, 80 லட்சத்துக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

அப்புறம் வேகமும் உருவமும். போனில் எடுத்த படம் பெரும்பாலும் வினாடிக்கு 30 ஃபிரேம். நம்ம நாட்டு டிவிக்கான 'பால்' முறையில் 25 ஃபிரேம், 720-க்கு 576 புள்ளி. 30-ஐ 25 ஆக்கும்போது சில ஃபிரேம்கள் உதிரும், குழந்தை ஓடுவது வெட்டி வெட்டித் தெரியும். அந்த வீட்டு பிளேயரும் டிவியும் அமெரிக்க 'என்டிஎஸ்சி' முறையையும் ஏற்குமானால் அதிலேயே எழுதலாம், ஓட்டம் சீராக இருக்கும். ஏற்காத டிவியில் கலர் போய்க் கறுப்பு வெள்ளையாக வரும். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எந்த டிவி பாட்டி?" என்பதுதான். டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன் நாடி பார்ப்பதில்லையா?

அகலத் திரைப் படத்தைச் சதுர டிவிக்கு அப்படியே நசுக்கினால் மாப்பிள்ளை முகம் மூங்கில் மாதிரி நீளும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு எழுதுங்கள். தெளிவில்லாத சின்னப் படத்தைப் பெரிசாக்கினால் தெளிவு கூடும் என்று நம்பாதீர்கள். மூலத்தில் இல்லாத விவரம் டிஸ்க்கில் முளைக்காது. சார்ஜா பேரனிடம் முதலிலேயே சொல்லுங்கள்: "வாட்ஸ்அப்பில் சாதாரணமா அனுப்பாதீங்க அண்ணே, டாக்குமென்ட்டா அனுப்புங்க." சாதாரணமாக அனுப்பினால் வழியிலேயே நசுங்கி வரும்.

கடைசியாக, கட்டமைப்பு. டிவிடி பிளேயர் 'வீடியோ டிஎஸ்' என்ற பெயருள்ள ஃபோல்டரைத்தான் தேடும். அதற்குள் படம் ஒரு வகை ஃபைலிலும், எது எங்கே ஆரம்பிக்கிறது என்ற வழிகாட்டி இன்னொரு வகை ஃபைலிலும், அந்த வழிகாட்டிக்கே ஒரு நகல் மூன்றாவது வகையிலும் இருக்கும். ஒரு கீறல் விழுந்தாலும் டிஸ்க் செத்துவிடக் கூடாது என்று வழிகாட்டிக்கே நகல் வைத்தார்களே, அந்த முன்யோசனையைப் பார்த்தீர்களா? இதையெல்லாம் கட்டித் தர டிவிடி ஸ்டைலர் மாதிரி இலவச, திறந்தமூல சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. திருட்டு சாஃப்ட்வேரை இறக்கி, வைரஸையும் சேர்த்து இறக்கி, படத்தின் நடுவில் கம்பெனி பெயர் விழுகிற மாதிரி எழுதித் தர வேண்டியதில்லை.

ரெக்கார்டு நோட்டில் தப்பிக்கலாம்...

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாதீர்கள்.

நம்ம லேபில் என்ன நடக்கிறது? ரீடிங்கைப் பக்கத்து பேட்ச்சிடம் வாங்குகிறோம். கிராஃபைக் கண்ணாடி மேல் வைத்துப் போடுகிறோம். முடிவில் "சோதனை செய்து சரிபார்க்கப்பட்டது" என்று அழகான கையெழுத்தில் எழுதுகிறோம். சார் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுவிடுவார். வேலை செய்யாத சர்க்யூட்டுக்கும் மார்க் விழுந்துவிடும்.

பாட்டி வீட்டில் இந்தப் பருப்பு வேகாது. அங்கே எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒரு பழைய பிளேயர். அதற்குத் தயவு தாட்சண்யம் கிடையாது, மறுகூட்டலும் கிடையாது. டிஸ்க் ஓடினால் பாஸ், ஓடாவிட்டால் ஃபெயில். "என் கம்ப்யூட்டர்ல ஓடுச்சே" என்பது பதிலே இல்லை. நாளைக்கு நாம் வேலைக்குப் போகிற இடத்தில் மோட்டாரும் மீட்டரும் லேத்தும் இதே கேள்வியைத்தான் கேட்கப் போகின்றன. உபயோகிக்கிறவர் இடத்தில், அவர் கருவியில், நாம் இல்லாத நேரத்தில் அது வேலை செய்யணும். அதற்குப் பெயர்தான் தொழில்நுட்பம். ஆகவே எழுதி முடித்ததும் கம்ப்யூட்டரில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். முதலில் 'ஃபைனலைஸ்' செய்தோமா என்று பாருங்கள், மூடாத டிஸ்க்கைப் பல பிளேயர்கள் சீந்தாது. பிறகு ஒரு பழைய பிளேயரில் போட்டு முதல் நிமிஷம், நடு நிமிஷம், கடைசி நிமிஷம் மூன்றையும் பாருங்கள். எழுதுவது உள்ளிருந்து வெளிப்பக்கமாகத்தான் நடக்கும். ஓரத்தில் பழுது இருந்தால் கடைசியில்தான் தெரியும்.

திரும்பத் திரும்ப அழித்து எழுதுகிற 'ஆர்டபிள்யூ' டிஸ்க்கைப் பாட்டிக்குக் கொடுக்காதீர்கள். அது ஒளியைத் திருப்பி அனுப்புவது மிகக் குறைவு. பழைய லென்ஸ் தடுமாறும். ஒரு தடவை எழுதுகிற டிவிடி-ஆர் போதும்.

"பென்டிரைவ் இருக்கே மாப்ளே!"

நியாயமான கேள்வி. டிவியில் யூஎஸ்பி ஓட்டை இருந்தால், அதை இயக்கவும் அந்த வீட்டில் ஆள் இருந்தால், தாராளமாகப் பென்டிரைவில் கொடுங்கள். டிஸ்க்கைக் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. உலகமே டிஸ்க்கை விட்டு நகர்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் தபாலில் டிவிடி அனுப்பிவந்த நெட்ஃப்ளிக்ஸ் 2023 செப்டம்பரில் அந்தச் சேவையை நிறுத்தியது. எழுதக்கூடிய புளூ-ரே டிஸ்க் செய்வதை சோனி குழுமம் 2025 பிப்ரவரியோடு நிறுத்தியது. புது லேப்டாப்பில் டிஸ்க் தட்டே இருப்பதில்லை, தனியாக யூஎஸ்பி ரைட்டர் வாங்கணும்.

ஆனால் ஒன்று. யூஎஸ்பி ஓட்டை உள்ள டிவிடி பிளேயரில் நம்ம எம்பி ஃபோரைக் குத்திப் பாருங்கள். பல பிளேயர்களில் மறுபடி அதே கதைதான், ஃபார்மட் ஒத்துவரவில்லை என்று சொல்லும். ஓட்டை மாறினாலும் உள்ளே இருக்கிற சிப் அதே சிப்தானே! டிஸ்க்குக்குக் கற்ற பாடம் பென்டிரைவுக்கும் வேண்டும். நாளைக்கு வரப்போகிற ஏதோ ஒன்றுக்கும் வேண்டும். அதோடு, பட்டன் பட்டனாகத் தேடி ஃபைலைத் திறக்க முடியாத கைகளுக்கு, போட்டவுடன் தானாக ஓடும் டிஸ்க்கைவிட சுலபமானது இன்னும் வரவில்லை.

எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது?

இந்த இடத்தில் சிலருக்கு வேறு யோசனை ஓடும். "புதுப் படம் ரிலீஸ் அன்னிக்கே இறங்குது. பத்து டிஸ்க் போட்டு ஹாஸ்டல்ல வித்தா செமஸ்டர் ஃபீஸ் வந்துடுமே?"

வேண்டாம் தோழர்களே. முதலில் சட்டத்தைச் சொல்கிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, தெரிந்தே உரிமையை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தமிழ்நாட்டில் அதற்கு மேலும் உண்டு. நாம் குண்டர் சட்டம் என்று சொல்கிற 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில், 2004-இல் திருட்டு வீடியோ தொழில் செய்கிறவர்களையும் சேர்த்தார்கள். வழக்கு முடியும் முன்பே ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். பத்து டிஸ்க்குக்காக டிப்ளமோவைத் தொலைப்பீர்களா?

சட்டத்தை விடுங்கள், மனசாட்சிப்படி பார்ப்போம். ஒரு படத்தில் லைட் பிடித்தவர், செட் அடித்த ஆசாரி, ஒலிப்பதிவு செய்தவர் என்று நம்ம மாதிரி கைத்தொழில் தெரிந்தவர்கள் நூறு பேர் இருக்கிறார்கள். அவர்கள் வேலையை நாம் திருடிவிட்டு, நாளைக்கு நம்ம வேலைக்கு மட்டும் சரியான கூலி கேட்க முடியுமா?

அப்படியானால் எழுத என்னதான் இருக்கிறது? ஏராளம் இருக்கிறது. முதலாவது, சொந்தக்காரர்களே எடுத்து அனுப்பிய வீடியோ. காதுகுத்து, கிரகப்பிரவேசம், ஊர்த் திருவிழா, இறந்துபோன தாத்தா பேசுகிற அந்த ரெண்டு நிமிஷம். இரண்டாவது, பிரதி எடுத்துப் பகிரலாம் என்று உரிமையாளரே எழுதிக் கொடுத்த பாடங்கள். மும்பை ஐஐடி நடத்தும் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலும் இருக்கின்றன. 2003-இல் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்பிடெல் திட்டத்தின் விரிவுரைகளும் இருக்கின்றன. அவற்றில் இருக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைப் படித்துப் பார்த்து, யார் செய்தது என்ற பெயரை விடாமல், அதே நிபந்தனையோடு எழுதிக் கொடுங்கள். நெட் எட்டாத ஊரில் இருந்து வருகிற ஜூனியருக்கு அது புத்தகம் மாதிரி.

பழைய படங்களைப் பற்றியும் கேட்பீர்கள். நம் நாட்டில் திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியானதற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1952-இல் வந்த படத்துக்கு 2012 கடைசியோடு முடிந்தது. ஆனால் அதிலுள்ள பாட்டுக்கும் வசனத்துக்கும் எழுதியவர் இறந்த பிறகு 60 ஆண்டு என்று தனிக் கணக்கு இருக்கிறது. ஆகவே 'பழசு என்றால் இலவசம்' என்று கண்ணை மூடிக்கொண்டு கடை போட வேண்டாம்.

எழுதினால் மட்டும் போதாது

எழுதிவிட்டோம், நூறு வருஷம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். கடையில் விற்கும் டிஸ்க்கில் பள்ளங்களை அச்சிலேயே வார்த்துவிடுவார்கள். நாம் எழுதுகிற டிஸ்க்கில் இருப்பது ஒரு சாயப் படலம். லேசர் அந்தச் சாயத்தின் குணத்தை அங்கங்கே மாற்றுகிறது. வெயிலும் சூடும் அந்தச் சாயத்துக்கு எமன். ஜன்னல் ஓரம் வைக்கக் கூடாது, டிவி மேல் வைக்கக் கூடாது, சுப்ரபாத சிடியோடு சேர்த்து ஆணியில் மாட்டக் கூடாது. இதை வாங்கிக்கொண்டு போகிறவரிடம் சொல்லி அனுப்புவதும் நம்ம வேலைதான்.

பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். சுற்றும்போது எடை ஒரு பக்கம் சாய்ந்து அதிரும், ஒருநாள் உரிந்து பிளேயருக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். டிஸ்க்குக்கென்று விற்கிற மார்க்கர் பேனாவால் மேல்பக்கம் தமிழில் எழுதுங்கள்: என்ன நிகழ்ச்சி, எந்தத் தேதி, எத்தனை நிமிஷம். "நியூ வீடியோ 2 ஃபைனல்" என்று எழுதினால் பாட்டிக்கு என்ன புரியும்? இரண்டு பிரதி எடுங்கள். மூல ஃபைலை அழிக்காதீர்கள். டிஸ்க் என்பது பார்ப்பதற்கு, மூலம் பாதுகாப்பதற்கு. இரண்டையும் குழப்பினால் ஒருநாள் இரண்டும் இருக்காது.

யூனியனுக்கு ஒரு கோரிக்கை

வெறும் கட்டுரையோடு முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. நம்ம மாணவர் பேரவை வருடா வருடம் மலர் போடுகிறது, விளையாட்டு விழா நடத்துகிறது, இரத்ததானம் செய்கிறது. இன்னொன்றும் செய்யலாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, லேப் வராந்தாவில் ஒரு மேஜை. அதன் மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு டிஸ்க் ரைட்டர், ஒரு பழைய பிளேயர், ஒரு பழைய டிவி. நாலு டிப்பார்ட்மென்டிலிருந்தும் ரெண்டு ரெண்டு பேர். சுற்றுவட்டாரத்து ஜனங்கள் போனையோ மெமரி கார்டையோ கொண்டு வரட்டும். டிஸ்க் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு எழுதித் தருவோம். அவர்கள் கண் முன்னாலேயே பிளேயரில் ஓட்டிக் காட்டித் தருவோம். சினிமாப் படம் கேட்டால், "மன்னிக்கணும்மா, அது எங்களால முடியாது" என்று மரியாதையாகச் சொல்வோம்.

இதில் ஜூனியர் பையன் என்ன கற்பான்? சுருக்கமும் விரிவும் கற்பான். தரவிதி என்றால் என்ன என்று கற்பான். வகுத்தல் கணக்கு ஒன்றின் பயனைக் கண்ணால் பார்ப்பான். எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கிலீஷ் தெரியாத, மெனு படிக்கத் தெரியாத ஒருவரிடம் உட்கார்ந்து, அவருக்கு என்ன வேண்டும் என்று பொறுமையாகக் கேட்கக் கற்பான். எந்த செமஸ்டரிலும் இதற்குப் பேப்பர் கிடையாது. ஆனால் வேலைக்குப் போன முதல் வாரமே இதில்தான் பரீட்சை.

தோழர்களே, இன்னும் பத்து வருஷத்தில் அந்த பிளேயர்களும் இருக்காது, வெற்று டிஸ்க்கும் கிடைக்காமல் போகலாம். அந்தப் பாட்டிகளும் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் இதை இப்போதே செய்யச் சொல்கிறேன். செகண்ட் இயர் தம்பி ஒருவன் தன் வீட்டுப் பழைய பிளேயரைத் தூசி தட்டிக் கொண்டு வரத் தயார் என்றால், டிஸ்க் ரைட்டருக்கு என் பங்கைத் தர நான் தயார். மேஜைக்குப் பேரவை ஏற்பாடு செய்யட்டும்.

எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் சொல்லுங்கள்!